நாய், பூனைக்கு மருந்து அளவு தவறிவிட்டால்: அறிகுறி பார்த்துச் செய்ய வேண்டியவை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் பகுதிகளில் நாயும் பூனையும் வளர்க்கும் நம் வீடுகளிலிருந்து, கால்நடை மருத்துவர் ஒருவரின் மருந்தறையில் வேலை செய்யும் எனக்குத் திரும்பத் திரும்ப வரும் அழைப்புகள் சில உண்டு. காலையில் ஆயா கொடுத்துவிட்ட மாத்திரையை, அது தெரியாமல் பேரன் மறுபடி கொடுத்திருப்பான். நாய்க்கு வாங்கிய வலி மருந்தைப் பூனைக்கும் ஊற்றியிருப்பார்கள். மருந்துச் சீட்டில் '0,5 மி.லி.' என்று இருந்ததில் காற்புள்ளி மங்கிப்போய் 5 மி.லி. உள்ளே போயிருக்கும், இந்த நாட்டில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி போடுவதால் இந்தத் தவறு பெரும்பாலும் பத்து மடங்காகவே நேர்கிறது.

அழைப்பவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும், 'வாந்தி எடுக்க வைக்க எதைக் கொடுக்கலாம்?' என்பதுதான். தவறிப்போன மருந்தைவிட, அதைச் சரிசெய்வதற்காக அவசரத்தில் ஊற்றிய இரண்டாவது பொருளே விலங்கை மோசமாக்கியதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே கீழே உள்ளவற்றை அறிகுறிப்படி பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலில் வரும். ஆபத்தும் செலவும் மிகுந்தது கடைசியில் வரும். வலிப்பு, மூச்சுத் திணறல், எழுப்பியும் எழாத மயக்கம் ஆகிய மூன்றில் ஒன்று இப்போதே இருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு, மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்; வீட்டிலுள்ள வேறொருவர் மருத்துவமனையை அழைத்து நீங்கள் வருவதைச் சொல்லட்டும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

வாயில் மாத்திரைத் துண்டு மீதியிருந்தால் எடுத்துவிட்டு, மற்ற விலங்குகளைத் தனியறையில் விடுங்கள். எது தின்றது என்று யாரும் பார்க்காத வீட்டில், எல்லாமே தின்றதாகக் கொண்டுதான் கணக்கிட வேண்டும்.

பிறகு நான்கு விவரங்களைத் தாளில் எழுதுங்கள்: மருந்தின் பெயர், ஒரு மாத்திரையில் அல்லது ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி., அதிகபட்சம் எவ்வளவு உள்ளே போயிருக்கலாம், எத்தனை மணிக்கு. பெட்டியில் மீதியுள்ள மாத்திரைகளை எண்ணி, வாங்கிய எண்ணிக்கையிலிருந்து கழித்தால் மூன்றாவது விவரம் கிடைக்கும். நினைவைவிட இந்த எண்ணிக்கையே நம்பத்தக்கது. விலங்கின் எடை தெரியாவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஒரு முறையும் தனியாக ஒரு முறையும் நின்று வித்தியாசத்தைப் பாருங்கள்.

மருத்துவர் கேட்கப்போவது ஒரு கிலோ உடல் எடைக்கு எத்தனை மி.கி. என்பதே. 500 மி.கி. பனடோ (பாரசிட்டமால்) ஒன்று 4 கிலோ பூனைக்குள் போனால் கிலோவுக்கு 125 மி.கி.; அதே மாத்திரை 40 கிலோ நாய்க்குள் போனால் 12,5 மி.கி. முதலாவது உயிருக்கே ஆபத்து. இரண்டாவது பெரும்பாலும் ஒரு தொலைபேசி ஆலோசனையோடு முடியும். 'ஒரு மாத்திரைதான்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் பதில் சொல்ல இயலாது.

கோ-ஆப் என்னும் விவசாயக் கூட்டுறவுக் கடையில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் என விற்கும் மருந்தாக இருந்தால், அதன் மீது 1947-ஆம் ஆண்டின் 36-ஆவது சட்டத்தின்கீழ் 'ஜி' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அந்த எண்ணையும் படம் எடுத்து அனுப்புங்கள். பல நிறுவனங்களின் புட்டிகள் ஒன்றுபோலத் தோன்றுவதால், நிறத்தைச் சொல்வதைவிட எண்ணைச் சொல்வது மேல்.

உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது வாந்தியைத் தராமல் போனால், ஏறிய உப்பே மூளையைத் தாக்கி வலிப்பைக் கொண்டுவரும். விரலைத் தொண்டைக்குள் விடுவதும் எண்ணெய் புகட்டுவதும் கூடாது. பால் எந்த மருந்தையும் முறிப்பதில்லை. பூனைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்தால் வயிற்றின் உட்புறம் புண்ணாகி இரத்தம் கசியும். வாந்தி எடுக்க வைப்பது பயனுள்ளது பெரும்பாலும் முதல் இரண்டு மணி நேரத்திற்குள்தான். அதையும் மருத்துவர் ஊசி வழியாகவே பாதுகாப்பாகச் செய்கிறார். தள்ளாடும், தூங்கி விழும் விலங்குக்கு வீட்டில் வாந்தி வரவழைத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

## அறிகுறி ஒன்றுமில்லை, ஆனால் அளவு தவறியது உறுதி

அமைதியாக இருக்கிறது என்பதற்காகக் காத்திருக்கத் தோன்றும். மருத்துவரால் அதிகம் செய்ய முடிகிற நேரமும் இதுவே என்பதால், இந்தத் தலைப்பை மற்றவற்றைவிட முக்கியமாக நினைக்கிறேன்.

ஒரு வேளை மருந்து இரண்டு முறை போயிருந்தால், எந்த வகை மருந்து என்று பாருங்கள். பிராசிகுவான்டெல் போன்ற குடற்புழு மாத்திரை அல்லது வழக்கமான ஆன்டிபயாடிக் என்றால் பெரும்பாலும் எச்சிலும் இளகிய மலமும் மட்டுமே வரும். பணி நேரத்தில் அழைத்துக் கேட்டால் போதும். இதய மருந்து, வலிப்பு மருந்து, இன்சுலின், வலி நிவாரணி ஆகிய நான்கில் ஒன்று இரட்டிப்பாகியிருந்தால் விலங்கு விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே அழையுங்கள்.

கொடுத்தோமா இல்லையா என்பதே நினைவில்லாவிட்டால், பொதுவாக மறுபடி கொடுக்காமல் அந்த வேளையை விடுவதே பாதுகாப்பு. இன்சுலினில் இதற்கு விலக்கே கிடையாது. விட்டுப்போன வேளைக்கு ஈடாக அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் மிகுதி. அதையும் செய்யக் கூடாது. வலிப்பு நோய்க்காகப் பீனோபார்பிடால் சாப்பிடும் நாய்க்கு மட்டும் ஒரு வேளை தவறினாலும் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனெனில் அந்த மருந்து திடீரென நின்றால் வலிப்பு திரும்பலாம்.

உண்ணி மாத்திரைகளில் வேறொரு குழப்பம் நடக்கிறது. நெக்ஸ்கார்டு, சிம்பாரிகா ஆகியவை மாதம் ஒரு முறை. பிரவெக்டோ மாத்திரை ஏறக்குறைய 12 வாரத்திற்கு ஒரு முறை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிய வீட்டில், பிரவெக்டோவையும் மாதந்தோறும் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல உடல்நிலையில் உள்ள நாய் பெரும்பாலும் தாங்கும். முன்பு வலிப்பு வந்த நாயாக இருந்தால் அப்படி விடக் கூடாது: இந்த மருந்துக் குடும்பம் சில விலங்குகளில் நடுக்கமும் வலிப்பும் உண்டாக்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது.

இறைச்சி மணமுள்ள மெல்லும் மாத்திரைகளை நாய் புட்டியோடு தின்றுவிட்டால், அதிலும் ரிமடில் போன்ற வலி நிவாரணி என்றால், எண்ணிக்கை முடியும் வரை காத்திருக்காமல் எண்ணிக்கொண்டே புறப்படுங்கள். இரண்டு மணி நேரத்திற்குள் போய்ச் சேர்ந்தால் ஒரு வாந்தி ஊசியும் கரி மருந்தும் கொடுத்து முடியக்கூடிய செலவு, இரண்டு நாள் கழித்துப் போனால் சிறுநீரகத்திற்காகப் பல நாள் சொட்டு மருந்து ஏற்றும் செலவாகிவிடும்.

## மாத்திரை விழுங்கிய உடனே வாயில் நுரை, எச்சில்

பூனையிடம் இதைப் பார்த்து அஞ்சி அழைப்பவர்கள் பலர். கசப்பே முதல் காரணம். மெட்ரோனிடசோல், டிராமடால் ஆகியவை நாக்கில் பட்ட நொடியே நுரை பொங்கும். விலங்கு நிதானமாக நடக்கிறதா, ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் கொஞ்சம் தண்ணீரோ நனைத்த உணவோ கொடுங்கள். கால் மணி அல்லது அரை மணியில் நுரை அடங்கும்.

அடுத்தது, மாத்திரை தொண்டைக்குக் கீழே உணவுக்குழலில் ஒட்டிக்கொள்வது. டாக்சிசைக்ளின் மாத்திரையைப் பூனைக்கு உலர்வாகக் கொடுத்தால் அது ஒட்டிய இடத்தைப் புண்ணாக்கி, சில நாளில் குழல் சுருங்கிவிடலாம். அதனால் மாத்திரைக்குப் பின் சிரிஞ்சினால் 5 அல்லது 6 மி.லி. தண்ணீரை மெல்லப் புகட்ட வேண்டும். கழுத்தை நீட்டி நீட்டி விழுங்குவது, உண்ட உடனே அப்படியே வெளியே வருவது ஆகியவை தொடர்ந்தால் அன்றே காட்டுங்கள்.

எச்சிலோடு நடுக்கமும் ஊசிமுனைபோல் சுருங்கிய கண்மணியும் சேர்ந்து, சில நிமிடங்களிலேயே விலங்கு சரியுமானால், நீங்கள் கொடுத்த மாத்திரையை ஒரு பக்கம் வைத்துவிட்டு 'டூ ஸ்டெப்' என்று இங்கே தெருவில் விற்கும் அல்டிகார்ப் நஞ்சை நினையுங்கள். வளவிலோ வாந்தியிலோ கறுத்த சிறு மணிகள் தெரியும். அவற்றை வெறுங்கையால் தொடாமல், ஒரு நொடியும் தாமதிக்காமல் கொண்டுபோங்கள். இதற்கு முறிமருந்து உண்டு, ஆனால் நேரம் மிகக் குறைவு.

## வாந்தி, பேதி, உணவை மறுத்தல்

வெறும் வயிற்றில் கொடுத்த ஆன்டிபயாடிக் முதலில் சந்தேகிக்க வேண்டியது. ஒரு முறை வாந்தி எடுத்துவிட்டுப் பழையபடி சுறுசுறுப்பாக இருக்கும் நாய்க்கு, சில மணி நேரம் உணவை நிறுத்தித் தண்ணீரைச் சிறிது சிறிதாக வைத்து, பிறகு உப்பும் மசாலாவும் வெங்காயமும் இல்லாத சோறும் வேகவைத்த கோழியும் கொடுக்கலாம். வாந்தியில் மாத்திரை வந்துவிட்டது என்று எண்ணி மறுபடி கொடுக்காதீர்கள்.

அடுத்த சந்தேகம் வலி நிவாரணி. மெலாக்சிகாம் திரவத்தில் நாய்க்கானது ஒரு மி.லி.க்கு 1,5 மி.கி.; பூனைக்கானது 0,5 மி.கி. இரண்டும் மெட்டாகாம் என்ற ஒரே பெயரில் இருப்பதால், பூனைக்கு எழுதிய 0,4 மி.லி.யை நாய்ப் புட்டியிலிருந்து எடுத்தால் மூன்று மடங்கு போய்விடும். நாய்ப் புட்டியோடு வரும் சிரிஞ்சில் கோடுகள் நாயின் எடையைக் கிலோவில் காட்டுபவை. அந்தச் சிரிஞ்சு தொலைந்த வீட்டில், சாதாரண சிரிஞ்சில் '10' வரை இழுத்து 10 கிலோ நாய்க்குக் கொடுத்தால் 1 மி.கி. போக வேண்டிய இடத்தில் 15 மி.கி. போகிறது. வீட்டில் இப்போதே அந்தப் புட்டி இருந்தால், சிரிஞ்சை ரப்பர் வளையத்தால் அதோடு கட்டி வையுங்கள்.

மனிதர்களின் மாத்திரைகள் இதைவிடக் கடுமையானவை. 200 மி.கி. நியூரோஃபென் ஒன்று 8 கிலோ நாய்க்குள் போனால் கிலோவுக்கு 25 மி.கி.; அந்த அளவிலேயே வயிறு புண்ணாகத் தொடங்கலாம். வோல்டரென் மாத்திரையும் அப்படியே. மைப்ரோடாலில் ஐபுப்ரொஃபென், பாரசிட்டமால், கோடீன் மூன்றும் உள்ளன. கிராண்ட்-பா தூளில் ஆஸ்பிரின், பாரசிட்டமால், காஃபின் மூன்றும் உள்ளன. ஆகவே இவற்றைத் தொலைபேசியில் சொல்லும்போது பெயரோடு நிறுத்தாமல் பெட்டியில் எழுதியிருப்பதை முழுவதும் படியுங்கள். நொண்டும் நாய்க்கு முந்தைய சிகிச்சையில் மீந்த பிரெட்னிசோலோனையும் இன்றைய வலி மருந்தையும் ஒன்றாகக் கொடுத்திருந்தால், இரண்டும் தனித்தனியே சரியான அளவில் இருந்தாலும் சேர்க்கை தவறு. குடலில் துளை விழக்கூடிய சேர்க்கை அது.

மலம் தார்போல் கறுத்திருக்கிறதா, வாந்தியில் காப்பித் தூள்போல் இருக்கிறதா என்று வெள்ளைத் தாளில் ஒற்றிப் பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும், வாந்தி மூன்று முறைக்கு மேல் போனாலும், பூனை ஒரு நாள் முழுதும் உண்ணாவிட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். ஓரிரு நாள் கழித்துத் தண்ணீரை வழக்கத்திற்கு மேல் குடித்து ஓயாமல் சிறுநீர் கழிப்பதும், மாறாகச் சிறுநீரே வராமல் போவதும் சிறுநீரகம் அடிபட்டதன் அடையாளங்கள். அப்போது இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

## ஈறு நிறம் மாறுதல், முகம் வீங்குதல், மூச்சு வாங்குதல்

உதட்டைத் தூக்கி ஈறை வெளிச்சத்தில் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். கறுத்த ஈறுள்ள நாய் என்றால் கண்ணின் கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். அமைதியாகப் படுத்திருக்கும்போது மூச்சு நிமிடத்திற்கு 30-க்கு மேல் போனால் அது கவனிக்க வேண்டிய எண்.

முகம் மட்டும் தடித்து, நாய் அரித்துக்கொண்டு, ஈறு சிவப்பாகவே இருந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். அளவு சரியாக இருந்தாலும் இது வரும். அன்றே காட்ட வேண்டியது. மூச்சு சேர்ந்து திணறினால் அந்தக் கணமே.

ஈறு வெளுத்திருந்தால், இந்தக் கடற்கரை மாகாணத்தில் மருந்தோடு பிலியரி என்னும் உண்ணிக் காய்ச்சலையும் நினைக்க வேண்டும். நாய் ஏற்கெனவே உண்ணிக் காய்ச்சலில் இருந்ததால்தான் சோர்ந்தது, அந்தச் சோர்வுக்குத்தான் நீங்கள் வலி மாத்திரை கொடுத்தீர்கள் என்பதும் நடக்கும். சிறுநீர் செம்பழுப்பாக இருந்தால் இரண்டையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிலியரிக்கென்று கோ-ஆப்பில் வாங்கிய பெரெனிலை வீட்டிலேயே ஊசி போட்டிருந்தால், அதை மறைக்கவே கூடாது. அதில் சரியான அளவுக்கும் மூளையைத் தாக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு. மருத்துவர் தெரியாமல் இரண்டாம் முறை போட்டுவிட்டால் மீட்பது கடினம். யாரும் உங்களைக் குற்றம் சாட்டுவதற்காக அதைக் கேட்பதில்லை.

பூனையின் ஈறு சேற்றுப் பழுப்பாகவோ நீலமாகவோ மாறி, முகமும் பாதங்களும் வீங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது பாரசிட்டமால் நஞ்சு. சளிக்காகப் பாதி பனடோ கொடுத்தாலே இந்த நஞ்சு ஏறிவிடும். வீட்டில் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. பிடித்து அழுத்தாமல், கூடையில் வைத்து, மருத்துவமனையை அழைத்து அசிடைல்சிஸ்டீன் என்னும் முறிமருந்து இருக்கிறதா என்று கேட்டுவிட்டு நேராக அங்கே போங்கள். பூனை சாதாரணமாகத் தோன்றும் முதல் சில மணி நேரத்திலேயே போனால் பிழைக்கும் வாய்ப்பு பெரிது.

## நடுக்கம், துடிப்பு, வலிப்பு

உண்ணி மருந்தில் குளிப்பாட்டிய நாய் குளிரில் நடுங்குவது இயல்பு. துடைத்து வெதுவெதுப்பாக வைத்தால் நிற்கும். கழுத்தில் சொட்டிய மருந்தின் கீழ்த் தோல் மட்டும் சிலிர்ப்பதும் அவ்வளவு அஞ்சத் தக்கதல்ல.

ஆனால் அந்தச் சொட்டு நாய்க்கானதாகவும் விலங்கு பூனையாகவும் இருந்தால் வேறு கதை. பெர்மெத்ரின் உள்ள நாய்ச் சொட்டு மருந்து பூனையைக் கொல்லக்கூடியது. சிறிய நாய்க்கானது என்பதால் பூனைக்குப் பொருந்தும் என்று எண்ணி இதைச் செய்கிறார்கள். மருந்து போட்ட நாயின் மேல் படுத்துறங்கும் பூனைக்கும் இது வரலாம். காதும் முகமும் துடிப்பது தொடக்கம். பிறகு உடல் முழுதும் நடுங்கும். இன்னும் நடுக்கம் தொடங்கவில்லை என்றால், பாத்திரம் கழுவும் சோப்பும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் கொண்டு கழுவித் துடைத்து, துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். சுடுநீர் வேண்டாம், அது தோல் வழியே மருந்து ஏறுவதைக் கூட்டும். நடுக்கம் தொடங்கிவிட்டால் கழுவும் வேலையை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

வலிப்பு வந்தால் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறியுங்கள். விளக்கை அணைத்து, மேசை நாற்காலியை விலக்குங்கள்; வாயருகே கையைக் கொண்டுபோகாதீர்கள். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தாலும், ஒரே நாளில் இரண்டாவது வந்தாலும் அவசரம். காசநோய்க்காக வீட்டில் யாரேனும் ஐசோனியாசிட் சாப்பிடுகிறார்களா என்று இந்த நாட்டில் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த மாத்திரைகளை நாய் தின்றுவிட்டால் விரைவிலேயே அடங்காத வலிப்பு வரும், ஆனால் அதற்கு பி6 வைட்டமின் ஊசியே முறிமருந்து. சொன்னால்தான் மருத்துவருக்கு அது தோன்றும். வெளியில் தெரிந்துவிடுமே என்று கூசுவோருக்கு ஒன்று சொல்கிறேன்: நோயாளியின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, மாத்திரையின் பெயர் போதும்.

## தள்ளாட்டம், மந்தம், எழாமல் கிடத்தல்

தீபாவளி, நவம்பர் 5 (கை ஃபாக்ஸ் பட்டாசு இரவு), ஆண்டின் கடைசி இரவு ஆகிய மூன்று நாள்களிலும் இந்தத் தலைப்பில்தான் அழைப்புகள் குவியும். பட்டாசுக்கு அஞ்சும் நாய்க்கு அசிப்ரோமசின் மாத்திரை கொடுப்பார்கள். அது வேலை செய்ய ஒரு மணி நேரம்கூட ஆகலாம் என்பது தெரியாமல், அரை மணியில் இன்னொன்று, பிறகு மற்றொன்று என்று போய்விடும். பயத்தைப் போக்காமல் உடலை மட்டும் அசையவிடாமல் செய்யும் மருந்து என்பதால், இன்று பல மருத்துவர்கள் இதை முதல் தெரிவாக எழுதுவதில்லை. அடுத்த பண்டிகைக்கு முன்பே வேறு மருந்து பற்றிக் கேளுங்கள்.

பெயர் சொன்னால் காதாவது அசைகிறதா, ஈறு சிவப்பா, மலவாயில் வைத்த வெப்பமானி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 38-லிருந்து 39 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. காது அசைந்து, ஈறு சிவந்து, வெப்பம் சரியாக இருந்தால், இருட்டறையில் போர்த்திப் படுக்கவைத்து, மணிக்கு ஒரு முறை பக்கம் மாற்றிக் கவனியுங்கள். முழுவதும் தெளியும் வரை உணவோ தண்ணீரோ வாயில் ஊற்ற வேண்டாம். 37,5-க்குக் கீழே இறங்கினால், ஈறு வெளுத்தால், அழைப்புக்கு எதிர்வினை இல்லாவிட்டால் உடனே போக வேண்டும். இந்த மருந்துக்கு முறிமருந்து இல்லை. இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை.

பேதிக்காகப் பல நாள் மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாய் தலை சாய்த்துத் தள்ளாடி, கண்மணி பக்கவாட்டில் துடித்தால், மருந்தை நிறுத்திவிட்டு அன்றே அழையுங்கள். நிறுத்தியபின் பெரும்பாலும் மீளும்.

மாட்டுக்கான அமிட்ராஸ் உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலந்து நாய்க்குப் பூசியிருந்தால் மந்தமும் குளிர்ந்த உடலும் மெதுவான நாடியும் வரும். தொடையின் உட்புறத்தில் விரல் வைத்து எண்ணுங்கள். நிமிடத்திற்கு 60-க்குக் கீழே என்றால் தாமதம் கூடாது. கையுறை அணிந்து சோப்பால் கழுவிக்கொண்டே ஒருவரை மருத்துவமனைக்கு அழைக்கச் சொல்லுங்கள். இதற்கு முறிமருந்து இருக்கிறது என்பது ஆறுதல்.

ஐவர்மெக்டினுக்கு அந்த ஆறுதல் இல்லை. மாட்டுக்கான 1 சதவீத ஊசி மருந்தில் ஒரு மி.லி. என்பது 50 கிலோ மாட்டுக்கான அளவு. சொறிக்காக 10 கிலோ நாய்க்கு ஒரு மி.லி. போட்டால், மாட்டின் அளவைப்போல் ஐந்து மடங்கு போகிறது. கோலி இன நாய்களும் அவற்றின் கலப்புகளும் பிறப்பிலேயே இதைத் தாங்காத உடலமைப்பு உடையவை. அவற்றில் மிகக் குறைந்த அளவும் போதும். கண்மணி அகன்று, சுவரில் முட்டிக்கொண்டு, தள்ளாடுவது முதல் அடையாளம். பிறகு பல நாள் நீளும் மயக்கம். பொறுமையாகப் பேணினால் பல நாய்கள் மீள்கின்றன, ஆனால் அந்தப் பேணுதல் மருத்துவமனையில்தான் நடக்க முடியும். இந்தப் பட்டியலிலேயே செலவு மிகுந்தது இதுதான்.

## இன்சுலின் போட்டபின் சோர்வு, திடீர்ப் பசி, தடுமாற்றம்

நாய், பூனைக்கான கேனின்சுலின் ஒரு மி.லி.க்கு 40 அலகு. மனிதர்களின் இன்சுலின் பெரும்பாலும் 100 அலகு. நீரிழிவு நம் குடும்பங்களில் பரவலாக இருப்பதால், ஒரே குளிர்பெட்டியில் இரண்டும் இருக்கும். 40-க்கான சிரிஞ்சில் நான்கு கோடு வரை மனித இன்சுலினை இழுத்தால் உள்ளே போவது 10 அலகு. மறுபுறம், 100-க்கான சிரிஞ்சில் கேனின்சுலினை நான்கு கோடு இழுத்தால் 1,6 அலகே போகும். அப்போது விலங்கு மயங்காது, ஆனால் நோய் அடங்காமல் போகும்.

அதிகம் போட்டது தெரிந்ததும் வழக்கமான உணவை உடனே வையுங்கள். சோர்ந்து சாப்பிட மறுத்தால் தேனையோ சர்க்கரைப் பாகையோ விரலால் ஈறில் தடவுங்கள். மயங்கிய விலங்கின் வாய்க்குள் ஊற்றக் கூடாது. 'சர்க்கரை இல்லாதது' என்று விற்கும் இனிப்புப் பாகை எடுத்துவிடாதீர்கள்: அதில் சைலிடால் இருந்தால் நாயின் சர்க்கரை இன்னும் கீழே விழும். மாத்திரையை மறைத்துக் கொடுக்கும் வேர்க்கடலை வெண்ணெயிலும், மனிதர்களின் சர்க்கரையில்லாத இருமல் மருந்திலும் இதே பொருளைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேன் தடவிய பத்து நிமிடத்தில் எழுந்து நின்றாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும், ஏனெனில் இன்சுலின் சில மணி நேரம் வேலை செய்துகொண்டே இருக்கும், தேன் இராது.

## மருத்துவமனைக்குப் போகும்போது

பெட்டி, புட்டி, சிரிஞ்சு, வாந்தி ஒற்றிய துணி, எழுதிய தாள் ஆகியவற்றை ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். இரவில் திறந்திருக்கும் இடம் எது, முன்பணம் எவ்வளவு கேட்பார்கள் என்பதை வாசலில் போய் நின்று கேட்பதைவிட வழியிலேயே அழைத்துக் கேளுங்கள். கட்ட இயலாத நிலை என்றால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். முதலுதவி மட்டும் செய்து காலையில் எஸ்.பி.சி.ஏ. போன்ற நல அமைப்பின் மருத்துவப் பிரிவுக்கு அனுப்ப முடியுமா என்று அவர்களால் யோசிக்க இயலும். பணம் சேரட்டும் என்று விடியும் வரை வீட்டில் வைத்திருந்து கொண்டுவரப்பட்ட விலங்குகளைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் மிகவும் கனக்கிறது.

## அடுத்த வேளை மருந்து

விலங்கு தேறிவிட்டாலும், தவறிய மருந்தின் அடுத்த வேளையை நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள். இன்சுலினை மறுபடி தொடங்கும் முன் சர்க்கரை அளவு பார்க்க வேண்டும். பீனோபார்பிடாலை முழுவதும் நிறுத்தவும் கூடாது, பழைய அளவில் அப்படியே தொடரவும் கூடாது. இடைவெளியை மருத்துவர் சொல்வார். பிரெட்னிசோலோன் பல வாரமாகச் சாப்பிடும் விலங்குக்கு அதைத் திடீரென விட்டால் வேறு சிக்கல் வரும். வலி நிவாரணி அளவு மீறிப்போன விலங்குக்கு, வெளியே நலமாகத் தெரிந்தாலும் இரண்டு அல்லது மூன்று நாள் கழித்துச் சிறுநீரகத்திற்கான இரத்தப் பரிசோதனையை மறுபடி செய்யச் சொல்வார்கள். அந்த நாளைத் தவறவிடாமல் அதே மருந்துப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.